தேர்வு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் இரண்டு வகை விளம்பரங்கள் பெருகுகின்றன. ஒன்று, கல்லூரிச் சேர்க்கை. மற்றொன்று, விளையாட்டுத் திறன் தேடல். 14 வயதுக்கு உட்பட்டோர், 16 வயதுக்கு உட்பட்டோர், இரண்டு நாள் தேர்வு முகாம், முன்னாள் வீரர்கள் நேரில் பார்வையிடுகிறார்கள், முன்பதிவுக்கு இந்த எண்ணை அழைக்கவும் என்ற வாசகங்களோடு அவை பெற்றோரின் கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன. பிள்ளைகள் இதைச் சுருக்கமாக 'செலக்‌ஷன்' என்கிறார்கள். கிரிக்கெட்டில் இது மிகுதி. கபடி, கால்பந்து, தடகளத்திலும் இப்போது பரவி வருகிறது.

கல்லூரியில் பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்பதால், பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் உண்டு. அண்மைக்காலமாக அவர்களில் சிலர் வேறொரு கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். 'பையன் நன்றாக ஆடுகிறான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெங்களூருவில் முகாம் இருக்கிறதாம். அனுப்பலாமா?' இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் பொருளியல் கேள்வியே. குறைந்த பணத்தையும் திரும்பி வராத இளமையின் சில ஆண்டுகளையும் எதில் செலவிடுவது என்பதே இதன் சாரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு, 68.5 விழுக்காடு, பதிவான மாவட்டம் நம்முடையது. மானாவாரி நிலத்தையும் வெளியூர்க் கூலியையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த இங்கே, தவறான ஒரு முடிவின் சுமை நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம்.

எனவே இந்தக் கேள்விக்கு 'அனுப்புங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால், எந்த முகாமைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தேடலுக்குப் பணம் கொடுப்பவர் யார்? தேடுபவரா, தேடப்படுபவரா?

இரண்டு வகை முகாம்கள்

முகாம்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகையில், முகாமை நடத்துபவரின் கையில் கொடுப்பதற்கு ஓர் இடம் இருக்கும். 1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன்னுடைய விளையாட்டு விடுதிகளுக்காக மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நடத்தும் தேர்வுகள் இவ்வகை. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்பவர்களுக்கு இந்தத் தேர்வு நடக்கிறது. தேர்வானால் தங்குமிடம், உணவு, பயிற்சி, சீருடை ஆகியவை அரசின் செலவு. மாவட்டக் கிரிக்கெட் சங்கம் தன் வயதுப்பிரிவு அணிகளுக்காக நடத்தும் தேர்வும், விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரி தன் மைதானத்தில் நடத்தும் தேர்வும் இதே வகைதான். இவர்களுக்கு நல்ல ஆட்டக்காரர் தேவை. தேடிக் கண்டுபிடிக்காவிட்டால் இழப்பு இவர்களுக்கே.

இரண்டாம் வகையில், நடத்துபவரிடம் கொடுப்பதற்கு எந்த இடமும் இல்லை. அவர் விற்பது, யாரோ ஒருவர் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பை. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400 பிள்ளைகள் தலைக்கு 1,500 ரூபாய் கட்டி வந்தால் வரவு 6 லட்சம். முகாமின் முடிவில் ஒருவர் உருப்படியான இடத்துக்குப் போனாலும், ஒருவரும் போகாவிட்டாலும் அந்த வரவு மாறாது. வருமானம் தேர்வாகாத 399 பேரிடமிருந்தே வருகிறது என்னும்போது, சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நடத்துபவருக்கு இல்லை. அடுத்த ஆண்டும் 400 பேர் வர வேண்டும் என்ற கட்டாயம் மட்டுமே உண்டு. அதனால்தான் அத்தகைய முகாம்களில் பெரும்பாலோருக்கும் 'அடுத்த சுற்றுக்குத் தகுதி' என்று சொல்லி அனுப்புவது எளிதாக இருக்கிறது. அடுத்த சுற்றுக்கும் கட்டணம் உண்டு.

எல்லாத் தனியார் முகாம்களும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நேர்மையான பயிற்சியாளர்கள் நடத்தும் முகாம்களும் இருக்கின்றன. நடத்துபவரின் குணத்தைப் பெற்றோரால் அளக்க முடியாது. அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை அளக்க முடியும். எது நடந்தால் அவருக்கு லாபம், எது நடக்காவிட்டால் நட்டம் என்று பார்ப்பதே பொருளியலின் பழைய வழி.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

காட்சி முகாம்களை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா, விளையாட்டு, பேஸ்பால். 1993இல் அயோவா மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'பெர்ஃபெக்ட் கேம்' என்னும் நிறுவனம் இதில் மிகப் பெரியது. பள்ளி மாணவர்கள் கட்டணம் செலுத்தி வந்து பந்தை எறிகிறார்கள், அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள். எறியும் வேகமும் ஓட்ட நேரமும் அளக்கப்பட்டுப் பதிவாகின்றன. கல்லூரிப் பயிற்சியாளர்களும் தொழில்முறை அணிகளின் ஆள்தேடுவோரும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. வாங்குபவர்கள் உண்மையிலேயே மைதானத்துக்கு வருகிறார்கள். பரந்த நாட்டில் ஊர் ஊராகப் பயிற்சியாளர் அலைவதைவிட, ஒரே இடத்தில் நூறு பேரைப் பார்ப்பது தேடல் செலவைக் குறைக்கிறது. ஆயினும், அங்கும் பெற்றோர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். காரணம், முகாம்கள் பெருகிய அளவுக்கு இடங்கள் பெருகவில்லை. முதல் நிலைக் கல்லூரி பேஸ்பால் அணிகளுக்கு நெடுங்காலம் தலா 11.7 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அதை முப்பதுக்கு மேற்பட்டோர் கொண்ட அணியில் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்மையில்தான் இந்த விதி மாறியது. தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வீரர்களைத் தெரிவு செய்யும் சுற்றுகளும் 40இலிருந்து 20ஆகக் குறைந்துவிட்டன.

உடல் சார்ந்த விலை ஒன்றும் உண்டு. ஒரே நாளில் தன் உச்ச வேகத்தைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் பதின்ம வயதினர் எறியும் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பந்தெறிவோரின் காயங்கள் குறித்து 2024 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் வெளியிட்ட ஆய்வறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும் எப்போதும் முழு விசையோடு எறிவதையும் முக்கியக் காரணங்களாகச் சுட்டியது. நம் ஊர் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் இது பொருந்தும். வளரும் வயதில் அளவுக்கு மீறி வீசுவதால் கீழ்முதுகு எலும்பில் ஏற்படும் விரிசல், கிரிக்கெட் மருத்துவம் நன்கறிந்த ஒன்று.

வாங்குபவர் நேரில் வரும் நாட்டிலேயே நிலை இது. வாங்குபவர் வருவாரா என்பதே தெரியாத முகாமுக்கு நாம் பணம் கட்டுவதை எப்படி எடைபோடுவது?

பத்துப் பந்துகளில் என்ன தெரியும்?

ஒருவருடைய உண்மையான திறன் அவருக்குத் தெரியும், அல்லது தெரிவதாக அவர் நினைக்கிறார், தேர்ந்தெடுப்பவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பும் அடையாளங்களைப் பற்றி மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார். அதற்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திறமை இல்லாதவரால் எளிதில் போலி செய்ய முடியாததே நல்ல அடையாளம் என்பது அவர் விளக்கத்தின் கரு. ஒரு பருவம் முழுவதும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் எடுத்த ஓட்டங்கள் அத்தகைய அடையாளம். பணம் கட்டிய எவருக்கும் கிடைக்கும் முகாம் சான்றிதழ் அத்தகையதன்று.

முகாமில் காட்டும் ஆட்டத்துக்கும் இதே குறை உண்டு. வலைப்பயிற்சியில் ஒரு மட்டையாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு ஓவர்கள். நூறு பந்துகளில் அறுபதைச் சரியாக ஆடக்கூடிய சிறுவன் ஒருவன், நாற்பதை மட்டுமே சரியாக ஆடக்கூடிய சிறுவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தலா பத்துப் பந்துகள் ஆடினால், இரண்டாமவன் முதலாமவனுக்குச் சமமாகவோ மேலாகவோ தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. தலா நூறு பந்துகள் ஆடினால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய நானூறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இது எளிய நிகழ்தகவுக் கணக்கு. தேர்வாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பத்துப் பந்துகளின் குறையை அவரால் நீக்க முடியாது. முகாமில் நிராகரிக்கப்பட்ட பிள்ளை மனம் உடைய வேண்டியதில்லை என்பதற்கும், முகாமில் பாராட்டப்பட்ட பிள்ளையின் பெற்றோர் நிலத்தை அடகு வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

வயது இன்னொரு சிக்கல். 13, 14 வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவர் மீசை அரும்பிய இளைஞராகவும் மற்றவர் குழந்தையாகவும் இருப்பதைப் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். வயதுப்பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே தேர்வுகளில் மிகுதியாகத் தேறுகிறார்கள் என்பது 1980களில் கனடாவின் பனி ஹாக்கியில் கவனிக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளிலும் பல விளையாட்டுகளிலும் உறுதிப்பட்டது. முன்கூட்டியே வளர்ந்த உடலைத் திறமை என்று கண் ஏமாறுகிறது. உலகத் தரத்தை எட்டிய வீரர்கள் குறித்து ஆர்னே குல்லிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்கள், தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள் என்று காட்டியது. 14 வயதில் கதவு மூடிவிடும் என்ற அச்சத்தில் பெற்றோர் ஓட வேண்டியதில்லை.

ஈட்டி எறிந்தவர்கள் பேஸ்பாலுக்குப் போன கதை

தேடுபவர் செலவு செய்து தேடினால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர், இந்தியாவில் வேகமாகப் பந்தெறியும் இளைஞர்களைத் தேடி 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை நடத்தினார். பல்லாயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். வென்ற ரிங்கு சிங்கும் அவரோடு தேர்வான தினேஷ் படேலும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அதுவரை பேஸ்பால் பந்தையே தொட்டறியாதவர்கள். அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2014இல் திரைப்படமாகவும் வந்த கதை இது.

படம் பார்த்தவர்கள் கவனிக்கத் தவறும் செய்திகள் இரண்டு. முதலாவது, அந்த இருவரும் லக்னோவில் அரசு நடத்தும் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றவர்கள். அவர்களுடைய தோளின் வலிமையைப் போட்டி உருவாக்கவில்லை. பல ஆண்டு அரசுப் பயிற்சி உருவாக்கியதைப் போட்டி கண்டுபிடித்தது. இரண்டாவது, இருவருமே மேஜர் லீக் அளவை எட்டவில்லை. படேல் 2010இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு சிங் சில ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் ஆடி, காயங்களால் தடைபட்டு, 2018இல் தொழில்முறை மல்யுத்தக் காட்சிக்குச் சென்றார். பல்லாயிரம் பேரில் இருவரைத் தெரிவு செய்தும் உச்சிக்குப் போனவர் ஒருவரும் இல்லை. ஆனால், அந்தச் சூதாட்டத்துக்கான முதலீடு முகவருடையது. ரிங்கு சிங்குக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. சிறு குடும்பம் பெரிய சூதாட்டத்தில் இறங்கும்போது இழப்பை ஏற்பவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தங்கள் அதிர்ஷ்டத்தை அளவுக்கு மேல் நம்புவது இளமையின் இயல்பு என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதினார். பரிசுச்சீட்டு விற்பனையையும் வழக்கறிஞர் தொழிலையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். வெற்றி பெற்ற சிலரின் பெரும் வருமானம் கண்ணில் படுகிறது. தோற்றவர்களின் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. இன்றைய விளையாட்டு ஏலத் தொகைகள் அந்த மயக்கத்தைப் பல மடங்காக்கிவிட்டன.

தொப்பூர் கணவாயைத் தாண்டினால்

தருமபுரிப் பெற்றோர் அனைவரும் சுட்டும் பெயர் ஒன்று உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். எளிய குடும்பத்தில் பிறந்து டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். அவரைப் போல என் பிள்ளையும் வரலாம் என்று சொல்பவர்கள், அவர் ஏறிய படிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். இருபது வயதையொட்டித்தான் அவர் சென்னை லீக் கிரிக்கெட்டின் நான்காம் பிரிவில் ஆடத் தொடங்கினார். அங்கிருந்து மேல்பிரிவுக்கு உயர்ந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். பந்து வீசும் முறை குறித்து ஐயம் எழுந்தபோது அதைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவருடைய யார்க்கர்கள் கவனம் பெற்றன. 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரு போட்டித் தொடர். ஒரு படியில் ஆடிய ஆட்டமே அடுத்த படிக்கான நுழைவுச்சீட்டு. பும்ராவின் கதையும் இப்படித்தான். 2013இல் குஜராத்துக்காக சையத் முஷ்டாக் அலி கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மும்பை அணியின் ஜான் ரைட் அவரைக் கண்டார். தேடுபவர்கள் போட்டி நடக்கும் இடத்துக்கே வருகிறார்கள். எனவே, முகாமுக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் கூடுதலான உண்மைப் போட்டிகளில் ஆடுவதற்குச் செலவிடுவதே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிறந்த வழி.

ஒரு நடராஜனைக் காட்டி ஆயிரம் பேருக்கு வழி சொல்லக் கூடாது என்பதும் உண்மை. அதே நான்காம் பிரிவில் ஆடி அங்கேயே நின்றுவிட்டவர்கள் பலர். அவர்களுக்கும் ஆட்டம் மிஞ்சியது, உடல்நலம் மிஞ்சியது, சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. கட்டண முகாமில் தோற்றவருக்கு மிஞ்சுவது ரசீது மட்டுமே.

நிராகரிப்பும் ஒரு தகவல்

அப்படியானால் எந்தத் தேர்வுக்கும் போகவே வேண்டாமா? அதுவும் சரியன்று. 1987இல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு வந்த பதின்ம வயதுச் சச்சின் டெண்டுல்கரை டென்னிஸ் லில்லி சேர்த்துக்கொள்ளவில்லை; மட்டைவீச்சில் கவனம் செலுத்தச் சொன்னார். தகுதியுள்ளவர் தெளிவான காரணத்தோடு சொல்லும் 'இல்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. காரணம் சொல்லாத 'இல்லை', பெயர்ப்பட்டியலில் இல்லாத வெறும் மௌனம், இவற்றிலிருந்து பிள்ளை எதையும் கற்க முடியாது. முகாமைத் தெரிவு செய்யும்போது, தோற்றால் என்ன தெரியவரும் என்றும் கேட்க வேண்டும்.

ஐந்து கேள்விகள்

முடிவெடுக்க வேண்டிய பெற்றோர் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி விடை நிரப்பிப் பார்க்கலாம்.

ஒன்று, நடத்துபவரின் கையில் என்ன இடம் இருக்கிறது? விடுதி இடமா, மாவட்ட அணி இடமா, கல்லூரி இடமா? எத்தனை? 'வாய்ப்பு உண்டு', 'தொடர்பு உண்டு' என்பன விடைகள் ஆகா. மாநில அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறித்த வழக்குகள் பல மாநிலங்களில் காவல் நிலையங்களில் பதிவாகியுள்ளன. தேர்வுக்குப் பணம் கேட்பவரிடம் இடம் இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

இரண்டு, பிள்ளையின் தற்போதைய அளவு என்ன? தடகளத்தில் இது எளிது. பள்ளி மைதானம், நிறுத்துக் கடிகாரம், அளவு நாடா போதும். 100 மீட்டர் ஓட்ட நேரத்தையும் நீளம் தாண்டிய தூரத்தையும் மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்து, கடந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடம் பெற்றவர்களின் அளவோடு ஒப்பிடலாம். குழு விளையாட்டுகளில் பள்ளிப் போட்டிகளின் பதிவுகளைப் பார்க்க வேண்டும். குறுவட்ட அளவில் முன்னிலை பெறாத பிள்ளை மாநில அளவிலான முகாமுக்குப் போவதில் பொருளில்லை. நானூறில் ஒரு வாய்ப்பு என்பது சராசரி. ஆயத்தமான பிள்ளைக்கு அது பத்தில் ஒன்றாக இருக்கலாம். ஆயத்தமில்லாத பிள்ளைக்கு அது சுழியம்.

மூன்று, முழுச் செலவு எவ்வளவு? கட்டணம் 1,500 ரூபாய் என்றால் செலவு 1,500 அன்று. தருமபுரியிலிருந்து பெங்களூருவுக்கு இருவர் போய்வர, ஓர் இரவு தங்க, உண்ண, தந்தை இழக்கும் இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்தால் 6,000 ரூபாயை எட்டிவிடும். ஆண்டுக்கு நான்கு முகாம் என்றால் 24,000. அந்தத் தொகையில் நல்ல காலணி, ஓராண்டுக்கு நாள்தோறும் முட்டையும் நிலக்கடலையும், அருகிலுள்ள பயிற்சியாளரிடம் ஒழுங்கான பயிற்சி ஆகியவற்றில் எவை கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம்.

நான்கு, அதனால் என்ன தடைபடுகிறது? தேர்வுக் காலம், போட்டிப் பருவம், காயத்திலிருந்து மீளும் வாரங்கள் ஆகியவற்றில் முகாம் வந்தால் விட்டுவிடலாம். வலியோடு போய் முழு விசையில் வீசிக் காட்டும் ஒரு நாள், ஓராண்டு ஆட்டத்தைப் பறித்துவிடக்கூடும்.

ஐந்து, கிடைக்கும் தாளுக்கு எங்கே மதிப்பு? தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் கணக்கில் வருபவை அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பங்கேற்று வென்ற சான்றிதழ்கள். தனியார் முகாமின் வண்ணச் சான்றிதழும் பதக்கமும் அந்தக் கோப்பில் இடம்பெறா.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை இருந்து, மூன்றாம் விடையைக் குடும்பம் கடன் வாங்காமல் தாங்க முடியுமானால் அனுப்புங்கள். அரசு விடுதித் தேர்வு போன்றவற்றுக்குத் தயங்கவே வேண்டாம். இழப்பு ஒரு நாள் பேருந்துச் செலவு; கிடைக்கக்கூடியது பல ஆண்டு உணவும் பயிற்சியும் படிப்பும்.

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு

இந்தக் கணக்கில் பெண் பிள்ளைகளைத் தனியே பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளின் திருமணப் பேச்சு எழும் வீடுகள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வீட்டில் பிறந்து நன்றாக ஓடக்கூடிய, கபடி ஆடக்கூடிய ஒரு பெண்ணுக்கு அரசு விளையாட்டு விடுதியில் கிடைக்கும் ஓர் இடம், பன்னிரண்டாம் வகுப்புவரை படிப்புக்கான உறுதியும் ஆகும். அவள் நாளை பதக்கம் வெல்கிறாளா என்பது இரண்டாம் நிலைதான். எனவே, ஆண் பிள்ளையைப் பெங்களூரு முகாமுக்கு அழைத்துச் செல்லத் தயாராக இருக்கும் தந்தை, மகளை மாவட்ட விளையாட்டு அரங்கில் நடக்கும் விடுதித் தேர்வுக்கு அழைத்துச் செல்லத் தயங்குவது, பொருளியல் நோக்கிலும் பிழையான கணக்கு. பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானது. அதற்குரிய வழி, விடுதியை நேரில் பார்ப்பதும், பெண் பயிற்சியாளரும் காப்பாளரும் இருக்கிறார்களா என்று கேட்பதும்தான். முகவரி தெளிவில்லாத தனியார் முகாமுக்கு மகளையும் மகனையும் துணையின்றி அனுப்பக் கூடாது.

அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவை

முழுப் பொறுப்பையும் பெற்றோரின் தலையில் வைப்பது முறையாகாது. தகவல் இல்லாத இடத்தில்தான் எதிர்பார்ப்பை விற்கும் சந்தை வளர்கிறது. பென்னாகரம் மலைக்கிராமத்தில் இருக்கும் பிள்ளைக்கு அரசு விடுதித் தேர்வின் தேதி தெரியவில்லை. தனியார் முகாமின் தேதி கைப்பேசியில் வந்துவிடுகிறது.

செலவு அதிகமில்லாத சில நடவடிக்கைகள் இந்நிலையை மாற்றும். எந்தெந்தத் தேர்வுகள் அங்கீகாரம் பெற்றவை, எத்தனை இடங்கள், எந்தத் தேதி என்ற பட்டியலை மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்பலாம். தேர்வில் ஒவ்வொரு பிள்ளையும் பெற்ற அளவுகளையும், கடைசியாகத் தேர்வானவரின் அளவையும் வெளியிடலாம். அப்போது தோற்ற பிள்ளைக்கு எவ்வளவு தூரம் மிச்சம் என்பது தெரியும். கட்டணம் வாங்கி முகாம் நடத்துவோர் பதிவு செய்துகொள்வதையும், முந்தைய ஆண்டில் எத்தனை பேர் எந்த இடத்துக்குப் போனார்கள் என்பதை விளம்பரத்திலேயே வெளியிடுவதையும் கட்டாயமாக்கலாம். மாவட்ட அளவில் தேர்வாகி மாநிலத் தேர்வுக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கும் துணைக்குச் செல்பவருக்கும் பயணப்படி வழங்கலாம்.

உடற்கல்வி ஆசிரியர்களின் பங்கு இவை அனைத்தையும்விடப் பெரியது. ஒரு பிள்ளையை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பவர் அவர்தான். பத்துப் பந்துகளில் தெரியாதது அவருக்குத் தெரியும். முகாமுக்குப் பணம் கட்டும் முன் பெற்றோர் அவரிடம் ஒரு மணி நேரம் பேசினால் ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு விடை கிடைத்துவிடும். அந்த ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் அதை நிரப்புவதுதான், இந்த மாவட்டத்தின் திறமைகளைக் கண்டறிய அரசு செய்யக்கூடிய மலிவான, நம்பகமான ஏற்பாடு.

- கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)